நோன்புச் சாம்பியனுக்கு ஒரு பாராட்டுரை

1.

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. மற்ற எழுத்தாளர்கள் இதை 'அகத்தூண்டுதல்' என்பார்கள். எனக்கு அவ்வளவு கூச்சம் இல்லை.

கொட்டாஞ்சேனைக் குத்துச்சண்டைச் சங்கத்தின் செயலாளர் நாகேந்திரம் வெள்ளவத்தையில் என் வீடு தேடி வந்தார். சங்கம் ஒரு சிறப்பு மலர் வெளியிடுகிறதாம். அதில் முன்னாள் சாம்பியன் கிளறன்ஸ் இராஜநாயகத்தின் சாதனைகளை எடைபோட்டு ஒரு பாராட்டுரை வேண்டுமாம். எடையும் போடவேண்டும், பாராட்டவும் வேண்டும். தராசுத் தட்டில் விரலை வைத்தபடி நிறுக்கச் சொல்கிறார்.

"புதுக் கிண்ணத்துக்கு அவரின்ரை பேரை வைக்கிறதோ எண்டு கொமிற்றி யோசிக்குது. உங்கடை கட்டுரையைப் பாத்துத்தான் முடிவு," என்றார். படலையைத் திறந்தவர், திரும்பிச் சிரித்தார். "அந்த நோன்புச் சண்டையை மட்டும் மெல்லமாத் தொட்டு விடுங்கோ."

(கொழும்பு அறியாத வாசகருக்கு: 1929ஆம் ஆண்டு, ரமழான் நோன்பு மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பொழுது சாயுமுன் நடந்த சண்டையில் மக்கீன் என்பவரை வீழ்த்திக் கிளறன்ஸ் பட்டம் பெற்றார். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீரும் தொடாத மனிதனை அடித்து வாங்கிய பட்டம். அடுத்த வருடமே அதுவும் பறிபோயிற்று. 'நோன்புச் சாம்பியன்' என்ற பெயர் மட்டும் இந்த 1947இலும் போகவில்லை.)

2.

முதலாவது தொடக்கம்: "கொட்டாஞ்சேனை வானில் உதித்த ஒளித்தாரகை..." அடித்துவிட்டேன். கொட்டாஞ்சேனை வானில் துறைமுகத்துக் கரிப்புகை தவிர வேறெதையும் நான் கண்டதில்லை.

இரண்டாவது: "பசித்தவனை அடிப்பது ஒரு கலையென்றால், அதில் கிளறன்ஸை வெல்ல ஆளில்லை." நல்ல வசனம். இதை அடிக்க மனம் வரவில்லை. இதற்காகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

மூன்றாவது: "அவர் கையுறையைக் கழற்றியபோது அந்தக் கண்களில்..." விட்டுவிட்டேன். நான் அந்தச் சண்டையைப் பார்க்கவில்லை. பார்க்காததற்காக எழுதாமல் விடுபவன் அல்ல நான். ஆனால் நாகேந்திரம் பார்த்திருக்கிறார்.

எனவே, ஆளையே நேரில் பார்ப்பதென்று கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

3.

கதாபாத்திரமாகக் கிளறன்ஸ் தேறமாட்டார். சாம்பியன் என்றால் உடைந்த மூக்காவது வேண்டாமா? மூக்கு நேராக இருந்தது. துறைமுகத்தில் கிளாக்கர். என்னைக் காண்பதற்காக வீட்டுக்குள்ளேயே கோட் அணிந்து உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"கிண்ணத்துக்கு என்ரை பேர் வைக்கப் போகினமாம். உண்மையோ, தம்பி?"

"யோசிக்கினம், அண்ணை."

"எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. எனக்குப் பிறகு இந்தப் பேரைச் சொல்ல ஒண்டுமில்லை. அதுதான் கேட்டனான்."

ஆசையை இப்படி வெளியில் காயப்போடும் மனிதர்களை எனக்குப் பிடிப்பதில்லை. நேரே கேட்டேன்: "நோன்பு பிடிச்சவரை அடிச்சு வெண்ட பட்டம் எண்டு சனம் கதைக்குது. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"வெண்டனான். அவ்வளவுதான்."

அடுப்படியிலிருந்து அவருடைய மனைவி மரியகொறற்றியின் குரல் வந்தது: "சொல்லுங்கோவன்! அண்டைக்கு ஆர் பட்டினி கிடந்தது எண்டு சொல்லுங்கோவன்!"

"சும்மா இரும், கொறற்றி."

அவர் சும்மா இருக்கவில்லை. அகப்பையும் கையுமாக வெளியே வந்தார். "தபசுகால வெள்ளிக்கிழமை, தம்பி. இவர் ஒருசந்தி.* காலமை ஒரு வெறுந்தேத்தண்ணி. சண்டை முடிஞ்சு வந்துதான் சோறு."

அந்த வருடம் முஸ்லிம்களின் நோன்பு மாதமும், ஈஸ்டருக்கு முன் கத்தோலிக்கர் நோன்பிருக்கும் தபசுகாலமும் ஒன்றாக வந்திருக்கின்றன.

"அப்ப ரெண்டு பேரும் பட்டினி. சரிக்குச் சரி," என்றேன்.

மரியகொறற்றி கணவரைப் பார்த்தார். கிளறன்ஸ் சுவரிலிருந்த அந்தோனியார் படத்தைப் பார்த்தார்.

(* ஒருசந்தி: ஒருவேளை மட்டும் உண்டு, இறைச்சியைத் தொடாமல் கத்தோலிக்கர் இருக்கும் விரதம். மற்றவர்களுக்காக இந்தக் குறிப்பு. கத்தோலிக்கர்கள் என்னைத் திருத்திக் கடிதம் போடவேண்டாம்.)

4.

பட்டினிக்காரர் இருவரின் சண்டை. இது இன்னும் நல்ல கேலி. மற்றப் பட்டினிக்காரரையும் கேட்டுவிடலாம் என்று வெள்ளவத்தைக் காலி வீதியில் மக்கீனின் புடவைக் கடைக்குப் போனேன். அவர் பின்னாலிருந்த வீட்டுக்குள் கூட்டிப் போனார். அவருடைய மனைவி ஹமீமா தேநீர் கொண்டுவந்தார். நான் வந்த காரியம் தெரிந்ததும் அவருடைய முகம் மலர்ந்தது.

"எங்கட வாப்பா தோத்த மாப்பிளயத்தான் தேடிப் போய் எடுத்தாங்க. அடி வாங்கியும் நோன்ப உடாத புள்ள, இவருக்கே எண்ட மகள குடுக்கணும்டு நிண்டாங்க. அந்த மலர்ல எனக்கும் ஒண்டு கொண்டு வாங்க தம்பி. வாசிக்கோணும்."

மக்கீன் தேநீரைக் குடிக்கவில்லை. "வாங்க தம்பி, கடக்கரைப் பக்கம் போவோம்," என்று எழுந்தார். ரயில் பாதையைத் தாண்டியபின்தான் சொன்னார்:

"அன்னக்கி எனக்கு நோன்பு ஈக்கல்ல."

நோன்பு இருக்கவில்லையா? நான் நின்றுவிட்டேன்.

"தோத்துருவேன்டு பயம். பகல் புதுக்கடைப் பக்கம் போனேன். நோன்பு மாசம் சாப்பாட்டுக் கடைக்கு முன்னால துணி கட்டி மறச்சி ஈப்பாங்களே, அதுக்குப் பின்னால குந்தி ரொட்டியும் மாட்டிறச்சியும் வயிறு முட்டத் திண்டேன். திண்டது பாரம். மூணாவது ரவுண்டில கால் நகரல்ல. உழுந்ததும் சனமே சொல்லிச்சி, பாவம், நோன்போட அடிபட்டான்டு. நான் வாய மூடிட்டு ஈந்தேன்."

"கிளறன்ஸுக்குத் தெரியுமோ?"

"ரெண்டாவது ரவுண்டில கட்டிப் புடிச்ச நேரம் எண்ட வாய்க்கிட்ட மூக்க வச்சி மணந்தான். காதுக்குள்ள கேட்டான்: 'மச்சான், மாட்டிறைச்சியோ?'"

தபசுகால வெள்ளிக்கிழமை, வெறும் வயிற்றோடு நிற்கும் கத்தோலிக்கனின் மூக்குக்கு இறைச்சி மணம் தப்புமா? இதை நான் கற்பனை செய்திருந்தால் என்னையே மெச்சியிருப்பேன்.

"இவ்வளவு காலம் ஒருத்தர்கிட்டயும் அவன் சொல்லல்ல. நீங்களும் எழுத வாணாம், தம்பி. தெரிஞ்சா ஹமீமா எண்ட மூஞ்சப் பாக்கமாட்டா."

5.

எனக்குக் கோபம் வந்தது. ஏளனம் செய்ய வந்த இடத்தில் ஆள் இப்படி இருந்தால் நான் என்ன செய்ய? என் இரண்டாவது தொடக்கம், அந்த நல்ல வசனம், வீணாய்ப் போயிற்று. மறுபடியும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

"ஏன் சொல்லேல்லை, அண்ணை?"

கிளறன்ஸ் யார் சொன்னதென்று கேட்கவில்லை. "சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். அதுக்குள்ளை அவனுக்குக் கலியாணம் முற்றாகிட்டுது. அதுவும் அந்தக் கதையாலை. பிறகு எப்பிடிச் சொல்லுறது? இப்பவும் எழுதாதேங்கோ, தம்பி. ஆனா..."

"ஆனா?"

"ஒண்டுமில்லை." கோட்டின் பொத்தானைப் பூட்டினார், கழற்றினார், மறுபடி பூட்டினார். "கிண்ணத்துக்கு வேறை ஆரின்ரையும் பேர் யோசிக்கினமோ?"

யோசிக்கிறார்கள். ஒரு மரவியாபாரியின் பெயரை. அவர் ஆயுளில் நுளம்பைக்கூட அடித்ததில்லை. ஆனால் சங்கத்துக்கு நாற்காலிகள் கொடுத்தவர். இதைக் கிளறன்ஸிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

6.

முடிவுகள் கைவசம் உள்ளன.

உண்மையை எழுதலாம். கிண்ணம் கிளறன்ஸுக்கு. வெள்ளவத்தையில் ஹமீமாவின் வீட்டில் தேநீர் ஆறிப்போகும்.

ஊர்க் கதையையே எழுதலாம். கிண்ணம் நாற்காலிக்காரருக்கு. எல்லோரும் என் நடையை மெச்சுவார்கள்.

காரணம் சொல்லாமல் "மாபெரும் வீரர்" என்று மட்டும் எழுதலாம். கொமிற்றி விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பு கிளறன்ஸுக்குப் பழக்கமானது, எனக்குத்தான் புதிது.

இந்தக் கதையில் பெயர்களை மாற்றித் தப்பிக்கொண்டேன். மலரில் மாற்ற வழியில்லை. நாகேந்திரம் படலையடியில் நிற்கிறார். அச்சகத்துக்கு இன்றே போகவேண்டுமாம். பாராட்டுரை முழுவதும் எழுதியாயிற்று, கடைசி வரியில் ஓரிடம் தவிர:

"அன்று அந்த மேடையில் வெறும் வயிற்றோடு நின்று போராடியவர் .................... அவர்களே."

ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது. இவ்வளவு நேரம் சும்மா இருந்து வாசித்தீர்கள் அல்லவா, நீங்களே எழுதுங்கள். பேனை மேசையில் கிடக்கிறது. மலரில் ஒரு பிரதி ஹமீமாவுக்குப் போகிறது. இன்னொன்றுக்காகக் கிளறன்ஸ் கோட் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார். யார் கேட்டாலும் நீங்கள்தான் எழுதினீர்கள் என்று சொல்லிவிடுவேன்.