ஆள் மாறி வந்த நாற்காலி

சலூனில் இருந்த பழைய நாற்காலிக்கு ஒரு கெட்ட பழக்கம். ஆளை உட்காரவைத்துக் காலால் பெடலை மிதித்தால் சமர்த்தாக மேலே ஏறும். ஆனால் வெட்டி முடிப்பதற்குள், யாருக்கும் தெரியாமல், மெல்ல மெல்ல இறங்கிவிடும். கிருதாவைத் தொடும்போது முடிவெட்டுகிற மாஸ்டரின் நெஞ்சுக்கு நேராக இருந்த தலை, பின்கழுத்துக்கு வருவதற்குள் இடுப்புக்குப் போயிருக்கும். மாஸ்டரும் கூடவே குனிந்து குனிந்து, சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுப் பின்கதவு வழியாக வீட்டுக்குள் நுழையும்போது கேள்விக்குறி மாதிரி வளைந்திருப்பார். "ஒண்ணு நாற்காலியை மாத்துங்க, இல்லைன்னா முதுகை மாத்துங்க" என்று மனைவி சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன பிறகுதான், ஒரு நாள் போனைத் தட்டிப் புது நாற்காலிக்கு ஆர்டர் போட்டார். கறுப்பு ரெக்சின், சாய்கிற முதுகு, கால் வைக்க ஸ்டீல் பலகை.

வந்தது அது இல்லை.

பெட்டியின் மேல் என்னவோ அவர் பெயரும் அவர் விலாசமும்தான் ஒட்டியிருந்தது. கொண்டுவந்தவன் கையெழுத்தை வாங்கிக்கொண்டு காற்றாய்ப் பறந்துவிட்டான். மாஸ்டர் அட்டையைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே பேட்டரியில் ஓடுகிற சக்கர நாற்காலி. கைப்பிடியில் ஒரு சின்ன லீவர், அதன் பக்கத்தில் ஹாரன் பொத்தான். மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். நாற்காலி கேட்டான், நாற்காலி அனுப்பியாச்சு, இதில் என்ன குறை என்பது அந்தக் கடையின் கணக்கு போலிருக்கிறது.

மனைவிக்கு ஒரு மருந்துக் கடையில் வேலை. கிளம்பிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். உடனே போன் பண்ணிச் சொல்லுங்கள், பெட்டியைக் கிழிக்காதீர்கள், கைபடாமல் அப்படியே மூடி வையுங்கள் என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். மாஸ்டரும் போனை எடுக்கத்தான் போனார். அதற்குள் உள்ளறையிலிருந்து அப்பா என்ன சத்தம் என்று குரல் கொடுத்தார். சும்மா ஒரு வேடிக்கை காட்டலாமே என்று நாற்காலியை உருட்டிக்கொண்டுபோய் அறை வாசலில் நிறுத்தினார் மாஸ்டர். அவர் செய்த முதல் தப்பு அதுதான்.

அப்பா லாரி ஓட்டியவர். ஆயுசில் பாதியை ஸ்டியரிங் முன்னாலேயே கழித்தவர். கால் இரண்டும் விழுந்தபின், கையால் தள்ளுகிற சாதாரணச் சக்கர நாற்காலி ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். அதில் ஒரு நாள்கூட அவர் உட்காரவில்லை. "எல்லாச் சரக்கையும் நான் ஏத்திக்கிட்டுப் போனேன். இப்ப என்னைச் சரக்கு மாதிரி தள்ளிக்கிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அது மடித்தபடியே கதவுக்குப் பின்னால் நின்றது. அவர் கட்டிலில் கிடந்தார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்தே மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவர், வாசலில் நின்ற அந்த நாற்காலியைப் பார்த்ததும் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். லீவரைப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்தபின் மாஸ்டருக்கு உண்மை வாயில் வரவில்லை.

"உங்களுக்குத்தான்ப்பா. வாங்கினேன்."

யோசித்துச் செய்த அயோக்கியத்தனம் இல்லைதான். ஆனால் விழுந்த சொல்லை எந்தக் கரண்டியால் அள்ளுவது? மாஸ்டர் கைத்தாங்கலாகத் தூக்கி உட்காரவைத்ததும் அப்பா லீவரை முன்னால் தள்ளினார். லீவர் இடது கைப்பக்கம் இருந்தது, அவரோ வலது கைக்காரர். முதல் முயற்சியில் நிலைக்கதவில் இடித்தார், இரண்டாவதில் வலப்பக்கச் சுவரை உரசினார். "கியர் எல்லாம் இடது கையாலதானே போட்டேன், பழகிடும்" என்று சொல்லிக்கொண்டே சலூனைக் கடந்து, முடிவெட்ட வந்து உட்கார்ந்திருந்தவர்களை ஹாரன் அடித்து விலக்கிவிட்டு, தெருவில் இறங்கிப் போயே போய்விட்டார்.

சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்தபோது, அவள் மாமனார் தெருமுனை டீக்கடையில் நாலு பேர் நடுவே உட்கார்ந்திருந்தார். மகன் வாங்கிக் கொடுத்தது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வண்டியைக் காட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் அடுப்படிக்குள் கணவனைக் கூப்பிட்டு நிறுத்தியபோது அந்தச் சிரிப்பு இல்லை. போன் பண்ணினீர்களா என்று கேட்டாள். மாஸ்டர் மென்று முழுங்கினார். நாளைக்குப் பண்ணுகிறேன், அவரைப் பார்த்தாயா, எத்தனை நாளைக்குப் பிறகு வெளிக்காற்று படுகிறது என்று இழுத்தார். அவள் குரலை உயர்த்தவில்லை.

"இது யாருக்கு வரணுமோ, அவங்க வீட்லயும் இப்படி ஒரு ரூம் இருக்கும்ல. அதுக்குள்ளேயும் ஒருத்தர் படுத்திருப்பாருல்ல."

அவ்வளவுதான், அந்த வீட்டில் தூக்கம் தொலைந்தது. மாஸ்டருக்கு நின்றால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. தெருவில் எந்த வேன் வேகம் குறைத்தாலும் கையிலிருக்கும் கத்தரிக்கோல் நின்றுவிடும். போன் அடித்தால் எதிரில் இருப்பவரின் தலையை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். ஒருவருக்கு மீசையில் ஒரு பக்கம் போனதே போனது. அவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, மீதியையும் எடுத்துவிடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

எதற்கும் நாலு பேரிடம் கேட்டுப் பார்ப்போமே என்று மாஸ்டர் பேச்சை எடுத்தார். எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கடைக்காரன் சாமானை மாற்றி அனுப்பிவிட்டான் என்று நைசாகத்தான் ஆரம்பித்தார். வெளியே அப்பா ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்க, யார் அந்தத் தெரிந்தவர் என்று எவருமே கேட்கவில்லை. வங்கியில் வேலை பார்ப்பவர், தப்பு அவர்களுடையது, நாம் ஏன் பதற வேண்டும் என்றார். டியூஷன் வாத்தியார் பாதி முகத்தில் நுரையோடு, சொல்லாமல் வைத்துக்கொண்டால் அதற்குப் பேர் திருட்டு என்று நெற்றிப்பொட்டில் அடித்தாற்போல் சொன்னார். தண்ணீர் கேன் போடுகிற வேன்காரர், வேண்டும் என்கிறவன் தேடிக்கொண்டு வரமாட்டானா, வந்தால் கொடு, வராவிட்டால் உன்னுடையது என்றார். ஒவ்வொருவரும் தீர்ப்புச் சொல்லச் சொல்ல நாற்காலி அவர்களைத் தரைக்கு இறக்கிக்கொண்டே இருந்தது. மாஸ்டர் குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டார்.

வேன்காரர் சொன்னதுதான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உண்மைதானே, இவ்வளவு பெரிய சாமான் வராவிட்டால் எவன் சும்மா இருப்பான்? யாரும் தேடவில்லை என்றால் யாருக்கும் அவசரமில்லை என்றுதானே அர்த்தம்? இப்படித் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு ஒரு மணி நேரம் நிம்மதியாக இருப்பார். பிறகு மனைவி சொன்ன அந்த ரூம் ஞாபகத்துக்கு வரும். அந்த ரூமுக்கு ஒரு ஜன்னலும், ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவரும் அவர் மனதில் தானாகவே முளைத்திருந்தன. உள்ளே படுத்திருப்பவரின் முகம் மட்டும் தெரியவில்லை. அதுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

கடைசியில் ஒரு மத்தியானம், அப்பா வெளியே போயிருந்த நேரம் பார்த்து, சலூன் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, நாற்காலி அனுப்பிய கடைக்குப் போன் பண்ணினார். எடுத்தவள் சின்னப் பெண். ஆர்டர் நம்பரைக் கேட்டாள், காத்திருக்கச் சொன்னாள், பாட்டைப் போட்டாள். நடந்ததை மாஸ்டர் திக்கித் திணறிச் சொன்னார். எங்கோ ஏற்றும்போது இரண்டு பெட்டிக்கும் மேலே ஒட்டுகிற சீட்டு மாறியிருக்க வேண்டும் என்றாள் அவள். சரி, அந்த இன்னொருத்தர் ஏன் இத்தனை நாளாக உங்களைக் கேட்கவில்லை என்று மாஸ்டர் கேட்டார். இல்லை, கேட்கவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடமாட்டாளா என்று ஒரு மூலையில் நப்பாசை இருந்தது. அதை மறைப்பானேன்.

"அந்தம்மா தினமும் போன் பண்றாங்க சார். எங்க கம்ப்யூட்டர்ல சரியான பொருள்தான் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு காட்டுது. அதையேதான் நாங்களும் அவங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கோம்."

தினமும். இவர் ஒவ்வொரு நாளும் யாரும் தேடவில்லை என்று ஆறுதல்பட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், அங்கே ஒரு அம்மா இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறார். வண்டி அனுப்பி இரண்டையும் மாற்றித் தருகிறோம், ஆனால் சில நாள் பிடிக்கும் என்றாள் பெண். மாஸ்டர் முடியாது என்றார். என் நம்பரை அந்தம்மாவிடம் கொடு, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார்.

சிறிது நேரத்திலேயே அந்தம்மா கூப்பிட்டுவிட்டார். திட்டுவார் என்று மாஸ்டர் தயாராக இருந்தார். திட்டவில்லை, நாற்காலி நல்லா இருக்கா என்றுதான் முதலில் கேட்டார். அவர் கணவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து, நாக்கும் புரளாமல் போயிருந்தது. வந்த சலூன் நாற்காலியை ஜன்னலோரம் போட்டு அதில்தான் அவரை உட்காரவைத்திருப்பதாகவும், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். வீடு ஊரின் அந்தப் பக்கம், நடந்தால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். மாஸ்டர் நாளைக் காலையில் வருவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். மிச்சமிருந்தது அப்பாவிடம் சொல்வதுதான்.

அப்பா திரும்பி வந்து, வாசலில் வண்டியை நிறுத்தி, பழைய துணியால் சக்கரத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர் பழக்கம், வண்டியைத் துடைக்காமல் இறங்கமாட்டார். மாஸ்டர் முன்னால் போய் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கொட்டினார். வாங்கவில்லை, மாறி வந்தது, பொய் சொன்னேன். அப்பா துடைப்பதை நிறுத்தவே இல்லை.

"முதல் நாளே தெரியும்டா" என்றார். "லீவரை இடது பக்கம் வச்சிருக்கான். எவனுக்கோ வலது கை வரலை, அவனுக்குன்னு செஞ்ச வண்டி இது. சரக்கு ஆள் மாறி இறங்கிடுச்சுன்னு கூடத் தெரியாமலா இத்தனை வருஷம் லாரி ஓட்டினேன்?"

"அப்புறம் ஏன்ப்பா சொல்லலை?"

அப்பா துணியை உதறி மடித்தார். கண் கலங்கியிருந்தது.

"சொன்னா நீ திருப்பிக் கொடுத்துடுவே. எனக்கு வெளியே போகணும்னு இருந்துச்சுடா."

பெற்ற தகப்பன், ஒரு குழந்தை தின்பண்டத்தை ஒளித்துவைத்த மாதிரி அந்த உண்மையை ஒளித்துவைத்திருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே திருட்டை ஆளுக்கொரு பக்கம் நின்று காவல் காத்திருக்கிறார்கள். நாளைக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு வருவேன், வேனில் ஏற்றக்கூடாது என்று மட்டும் அப்பா சொல்லிவிட்டார்.

மறுநாள் அப்படியே போனார்கள். அப்பா ஓட்ட, மாஸ்டர் கூடவே நடந்தார். பின்னால் வேன்காரரின் வண்டி ஊர்ந்து வந்தது. கதவுக்குப் பின்னால் மடிந்து கிடந்த தள்ளுநாற்காலியைத் தூசி தட்டி அதில் ஏற்றிவிட்டிருந்தாள் மனைவி. மாமா கண்ணில் படவேண்டாம் என்று மேலே ஒரு துணியையும் போர்த்தியிருந்தாள். மாஸ்டர் தோளில் சவரப் பை. ஏன் எடுத்துக்கொண்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது, வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. வழியில் அப்பா ஹாரனைத் தொடவே இல்லை.

கண்டக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் கேட்ட அதே கறுப்பு ரெக்சின், அதே ஸ்டீல் பலகை. தாடி புதர் மாதிரி மண்டிக் கிடந்தது, வலது கை மடியில் கிடந்தது. மாஸ்டர் மனதில் இத்தனை நாள் தெரியாமல் இருந்த முகம் இதுதான், பார்த்த பிறகு பயம் குறைந்தது. அப்பா வண்டியை நேரே அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"உங்க வண்டியைக் கொஞ்ச நாள் நான் ஓட்டிட்டேன். வலது பக்கம் லேசா உரசியிருக்கு. மன்னிச்சுக்கங்க."

கண்டக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை நீட்டி அந்த லீவரைத் தொட்டுப் பார்த்தார். அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாஸ்டர் அந்தம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பையைத் திறந்தார். புது நாற்காலியின் முதல் வேலை அவருடைய கடையில் நடக்கவில்லை, அந்த ஜன்னலோரத்தில்தான் நடந்தது. தாடியைக் கத்தரித்து, நுரை போட்டு, காது மடலைப் பிடித்து ஒதுக்கி, நிதானமாக மழித்தார். நாற்காலி ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முதுகு வளையாமல் வேலை செய்தார்.

பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்து இடம் மாற்றினார்கள். அப்பாவைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, கண்டக்டரை அவருக்கென்று செய்த வண்டியில் உட்காரவைத்தார்கள். அவர் லீவரைத் தள்ளி, எதிலும் உரசாமல், நேராக வாசல்வரை போய் நின்றார். அதைப் பார்த்து முதலில் சிரித்தவர் அப்பாதான். சலூன் நாற்காலி வேனில் ஏறியது. அப்பாவையும் வேனிலேயே ஏற்றிவிடலாமா என்று வேன்காரர் கேட்டார். துணிக்குக் கீழே என்ன இருக்கிறதென்று அப்பாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

"சரக்கு வேன்ல போகட்டும்" என்றார். "அந்தத் தள்ளுவண்டியை எடு. ரோட்ல போகலாம்."

மாஸ்டர் அதை விரித்தார். இத்தனை நாள் மடங்கியே கிடந்ததில் கீல்கள் முனகின. அப்பாவைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுப் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்தாரே தவிர, தள்ளக் கை வரவில்லை.

வாசலில் இருந்த கண்டக்டர் இடது கையைத் தூக்கி, தன் வண்டியின் கைப்பிடியில் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டினார். பஸ்ஸில் ஆள் ஏறியாச்சு, போகலாம் என்பதற்குத் தட்டுகிற அதே தட்டு.

"கேட்டுச்சில்ல, எடுடா வண்டியை" என்றார் அப்பா. மாஸ்டர் தள்ளினார். தெரு திரும்பும் இடம் வந்ததும் அப்பா வாயாலேயே "பாம், பாம்" என்று ஹாரன் அடித்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்து வழி விட்டார்கள்.