காத்திருந்தவர் கட்சி

எங்கள் பங்குக் கோவிலில் பட்டிமன்றம் நடத்துகிற மாதிரி வேறு எங்கேயும் நடத்துவதாக நான் கேள்விப்பட்டதில்லை. மைசூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நாங்கள். மாதா திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு, கோவில் ஹாலில் பட்டிமன்றம், பிறகு பிரியாணி. ஒரு வாரத்துக்கு முன்பே செயலாளர் கிரிஸ் வீடு வீடாக வந்து, பேசுகிறவர்களிடம் "உங்க மனசுல எந்தப் பக்கம்?" என்று கேட்பான். எந்தப் பக்கம் சொல்கிறோமோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம்தான் நமக்கு. ஒரு காலத்தில் அவரவர் மனசில் இருந்ததையே பேசவிட்டார்கள். மாமியாரா மருமகளா என்று தலைப்பு வைத்து, நாற்காலி பறந்து, பிரியாணி ஆறிப்போயிற்று. அன்றைக்குப் போட்ட சட்டம் இது. எங்கள் ஜனம் எதை வேண்டுமானாலும் பொறுக்கும், ஆறின பிரியாணியைப் பொறுக்காது.

இந்த வருஷத் தலைப்பு: "சரித்திரத்திலும் பழைய இலக்கியத்திலும் பெரியவர்கள் யார்? வீட்டை விட்டுப் போனவர்களா, காத்திருந்தவர்களா?"

கிரிஸ் கேட்க வந்த நேரம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே யுத்தம். எங்களுக்கு ஒரே மகள், ஸ்வீட்டி. இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து, கண் சொருகச் சொருக ஜெர்மன் பாஷை படித்துப் பாஸ் செய்தாள். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டது. பட்டிமன்றத்துக்கு மறுநாள், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் அப்பா பர்னபாஸ், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரி, "வேணாம்" என்று ஒரே சொல்லில் நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. நான் பள்ளிக்கூட டீச்சர். அறுபது பிள்ளைகளை அடக்குகிற தொண்டை எனக்கு. அந்த மனுஷனின் வாயிலிருந்து ஒரு காரணத்தை வரவழைக்க அதுவும் போதவில்லை.

"இங்க இல்லாத ஆஸ்பத்திரியா?" என்பார். அவ்வளவுதான்.

"அப்பா, ப்ளீஸ்ப்பா," என்று ஸ்வீட்டி அழ ஆரம்பித்தபோதுதான் கிரிஸ் உள்ளே வந்தான்.

"காத்திருந்தவங்கதான் பெரியவங்க. எழுதிக்கோ," என்றார் பர்னபாஸ், மகளை முறைத்துக்கொண்டே.

"போனவங்கதான்! கொட்டை எழுத்துல எழுதிக்கோ கிரிஸ்," என்றேன் நான், அவரை முறைத்துக்கொண்டே.

கிரிஸ் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது! சட்டப்படி பர்னபாஸ் இனி போனவர்களுக்காகப் பேச வேண்டும். மைக் கையில் கிடைத்துவிட்டால் அவருக்கு வேகம் வந்துவிடும், தோற்கவும் பிடிக்காது. ஊர் முன்னால் "போனவர்களே பெரியவர்கள்" என்று முழங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து மகளைப் போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வார்? ஸ்வீட்டியைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனேன்.

"உங்கப்பாவை அவர் வாயாலயே கட்டிப் போடறேன் பாரு."

"அப்ப நீங்க காத்திருந்தவங்களுக்காகப் பேசணுமே மம்மி?"

"நாலு வரி பேசிட்டு உக்காந்துடுவேன் போடி. எனக்கென்ன வந்துச்சு?"

அந்த வாரம் முழுக்க அவர் பேச்சு எழுதினார், கன்னட எழுத்தில். அவர் படித்ததெல்லாம் கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் பேச வரும், எழுத வராது. அதனால் தமிழ்ப் பேச்சு முழுவதையும் கன்னட எழுத்தில் எழுதிக்கொள்வார். ஸ்வீட்டி பக்கத்தில் உட்கார்ந்து பெரியவர்களின் வாழ்க்கையைப் போனில் தேடிப் படித்துச் சொன்னாள். போகாதே என்று சொன்ன அப்பாவுக்குப் போனவர்களின் கதையைச் சொல்லும் வேலை. கள்ளி, அதை என்ன உற்சாகமாகச் செய்தாள்! எனக்கும் நாலு குறிப்பு எடுத்துக் கொடுத்தாள். நான் அதைச் சனிக்கிழமை வரை பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. நடுவர் வேலாயுதம், கொள்ளேகாலத்துக் கொங்குத் தமிழர், எங்கள் மன்றத்துக்குப் புதுசு. பர்னபாஸ் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தவர் வாயைப் பிளந்துவிட்டார்.

"ஏனுங், கன்னடத்துல எழுதி வெச்சுக்கிட்டுத் தமிழ்ல பேசப் போறீங்களா? பலே கெட்டிக்காரருங்க நீங்க!"

ஹாலே சிரித்தது. எங்களில் பாதிப் பேர் கையில் அப்படிப்பட்ட தாள்தான் இருந்தது.

பர்னபாஸ் எழுந்தார். சும்மா சொல்லக் கூடாது, வெளுத்து வாங்கினார். "புத்தர் அரண்மனையிலயே இருந்திருந்தா அவரும் பத்தோட பதினொண்ணு, ஒரு ராஜா! சவேரியார் கப்பலேறினார், சொந்த ஊருக்குத் திரும்பவே இல்ல. இன்னைக்கு நம்ம ஊர்ல எத்தனை சேவியர்! கணிதமேதை ராமானுஜன் கடல் தாண்டக் கூடாதுன்னு தடுத்தது யாரு? பெத்த அம்மா. அந்த அம்மாவே அப்புறம் போய்ட்டு வான்னு சொன்னாங்க. சொல்லலைன்னா உலகத்துக்கு நஷ்டம்! தெரசா அன்னை பதினெட்டு வயசுல வீட்டை விட்டு வந்தாங்க. வரலைன்னா கல்கத்தாவில அந்த ஏழைங்களை யாரு தூக்கியிருப்பா?"

ஸ்வீட்டி முன்வரிசையில் விசிலே அடித்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மனுஷன் நன்றாக மாட்டிக்கொண்டார்.

அடுத்து நான். நாலு வரி.

"நம்ம பழைய பாட்டுல எல்லாம் பொருள் தேடிப் போறவன் ஒருத்தன் இருப்பான். அவன் போன நாளைச் சுவத்துல கோடு போட்டு எண்றவ ஒருத்தி இருப்பா," என்று ஆரம்பித்தேன். "போனவன் என்ன செஞ்சான்னு பாட்டுல அதிகம் இல்ல. அவ என்ன பட்டான்னுதான் பாட்டு. ராமானுஜன் கப்பலேறினப்ப அவர் சம்சாரம் ஜானகி சின்னப் பொண்ணு. அவர் காலமானப்புறம் அந்தம்மா துணி தைச்சுப் பிழைச்சாங்க, ரொம்ப வருஷம்."

கைதட்டல் வந்தது. அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த நாக்கு சும்மா இருந்தால்தானே!

"தெரசா அன்னையைப் பத்தி இவர் சொன்னார். அவங்கம்மா பேர் இங்க யாருக்காவது தெரியுமா?"

ஹாலில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கும் நேத்துதான் தெரியும். திரானா. மக கன்னியாஸ்திரி ஆகப் போறேன்னதும், கூடவே வேற ஊர் வரைக்கும் வந்து ரயிலேத்தி விட்டாங்க. கை காட்டினாங்க. அதுக்கப்புறம் அந்த அம்மாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே இல்ல. உலகமே அந்த மகளை அம்மான்னு கூப்பிட்டுச்சு. பெத்தவ மட்டும்..."

அங்கே நின்றுவிட்டேன். முன்வரிசையில் ஸ்வீட்டி உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சுடிதார், காலையில் நான் வைத்துவிட்ட மல்லிகை. ரயில் கிளம்பிவிட்டது, அவள் ஜன்னலோரம் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. போ போ என்று இத்தனை நாள் கத்தினேனே, போவது யார் என்று நான் யோசித்தேனா? அடுத்த வார்த்தை வெளியே வரவில்லை. அறுபது பிள்ளைகளை அடக்குகிற தொண்டை! மணி அடித்தார்கள். நான் முடிக்காமலே வந்து உட்கார்ந்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

தீர்ப்பு போனவர்கள் பக்கம். "அம்மிணி பேச்ச முடிச்சிருந்தா எம்பட தீர்ப்பு மாறியிருக்குமுங்க," என்றார் வேலாயுதம். பரிசாக ஒரு பெரிய ஹாட்பாக்ஸ். பர்னபாஸ் பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொண்டார். பிரியாணி சுடச்சுட இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். நடுவில் ஸ்வீட்டி, அவர் மடியில் ஹாட்பாக்ஸ். தேவராஜ மொஹல்லா பக்கம் ஒரே கூட்டம், ஆட்டோ நின்று நின்று போனது.

"திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு?" என்றார் பர்னபாஸ் திடீரென்று. "இப்பவே அனுப்பிடு. வரேன்னு."

"அப்பா! நெஜமா?" அந்தப் பெண் ஆட்டோ குலுங்கும்படி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "உங்க பேச்சு சக்கத்தா, சூப்பரா இருந்துச்சுப்பா!"

நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த ருசிதான் தெரியவில்லை. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

"என்னங்க, உங்க பேச்சுலயே நீங்க மாட்டிக்கிட்டீங்களா?"

"என் பேச்சா?" அவர் ஹாட்பாக்ஸ் மூடியைத் திறந்தார், மூடினார். "அது கைதட்டலுக்குப் பேசினது செலின். ஒர்க்‌ஷாப்ல டெய்லி பேசறேன் அப்படி. நீ பேசினதைக் கேட்டுத்தான்."

"நான் போகவேணாம்ங்கிற கட்சிக்கில்ல பேசினேன்?"

"பேச முடியாம நின்னியே, அதைச் சொல்றேன்." அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ தைரியசாலி. சிரிச்சிக்கிட்டே பிளேன் ஏத்திவிட்டுட்டு, மறுநாள் ஸ்கூலுக்குப் போயிடுவேன்னு நெனச்சேன். அந்த வீட்ல நான் ஒருத்தன் மட்டும் போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமேன்னு பயந்துட்டேன். அதை எப்படி வாயை விட்டுச் சொல்றது? இப்ப தெரிஞ்சுபோச்சு. கூட நீயும் இருப்ப."

சேசுவே! இந்த மனுஷனோடு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். காரணம் கேட்டுக் கேட்டுக் கத்தினேனே, காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியவே இல்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சாக்குச் சொல்ல ஆட்டோவில் ஒரு வெங்காயம்கூட இல்லை.

"அனுப்பிட்டேன்," என்றாள் ஸ்வீட்டி. போனைக் காட்டினாள். பிறகு எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்து அந்த ஹாட்பாக்ஸ் மேல் வைத்தாள்.

"இது மூணு பேருக்கே பெரிசு," என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ரெண்டு பேருக்கு எதுக்குங்க?"

"இருக்கட்டும்டி," என்றார் பர்னபாஸ். "லீவுக்கு வருவா இல்ல."