கல்லில் ஒரு சொல் குறைகிறது

1

இந்தக் கதை கற்பனையில் உதித்ததல்ல, வயிற்றெரிச்சலில் உதித்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்துவிட்டு நடுநிலை இல்லை, பக்குவம் இல்லை என்று யாரும் என்னிடம் வரக்கூடாது.

கல்லறைக் கல் செதுக்குகிற ஒருவருடைய பட்டறையில், அறுத்துச் சாய்த்து வைத்த கற்களுக்கு நடுவே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என் அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் நின்றேன். கல் என் தம்பிக்கு. செதுக்குகிறவர் கண்ணாடியில் படிந்த தூசியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"பேருக்குக் கீழ 'கர்த்தருக்குள்' போடணுமா வேண்டாமாம்மா? உங்க சபையில கேட்டுட்டுத்தான் வெட்டணும்னு சொல்லியிருக்காங்க."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வேறு யாருடைய கல்லையோ படிப்பதுபோல் நின்றேன். எதை வெட்டுவது என்று முடிவாகாமலே இருவரும் வீடு திரும்பினோம்.

(விளக்கம் தேவைப்படுகிறவர்களுக்கு: எங்கள் சபைக்குச் சொந்தமாகக் கல்லறைத் தோட்டம் உண்டு. சபையை விட்டுப் போகாமல் இறந்தவர்களுக்கு 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று வெட்டுவார்கள். பின்வாங்கிப் போனவர்களுக்கு வெறும் 'மரித்தார்'. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்தப் பக்கம் நடந்து போகிற எவரும் கல்லைப் பார்த்தே ஆள் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று சொல்லிவிடுவார்கள். எதை வெட்டுவது என்று தீர்மானிக்கிறவர் போதகர். எங்கள் சபையின் போதகர் என் அண்ணன்.)

2

முதல் வரியை வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன்.

'லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவனுக்கு மேலே போவதும் கீழே இறங்குவதும்'

நிறுத்து. மேலே என்றால் பரலோகம், கீழே என்றால் நரகம். ஆகா, என்ன கண்டுபிடிப்பு! தம்பி இதைப் படித்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். அவன் லிஃப்ட் மெக்கானிக் என்பது உண்மை. அந்த வேலை கிடைத்தது, செய்தான். அதில் உள்ளர்த்தம் எதுவும் கிடையாது.

'உலகம் உண்டாவதற்கு முன்பே சிலர் மீட்புக்கெனக் கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டார்கள் என்றும், மற்றவர்கள்'

இது பிரசங்கம். இதைச் சொல்ல வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறான்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சின்னவன் எங்கே இருக்கிறான்? அதைப் பெரியவன் வாயால் கேட்க வேண்டும். கல்லில் அந்தச் சொல்லைக் கேட்டு அவள் அலைவதற்குக் காரணம் இதுதான்.

3

எங்கள் சபையில் மேடைப் பலகைகளை நகர்த்தினால் கீழே ஞானஸ்நானத் தொட்டி இருக்கும். தம்பி அதில் இறங்கியபோது அவனுக்குப் பதினேழு வயது. அண்ணன் போதகரான பிறகு கொடுத்த முதல் ஞானஸ்நானம் அது. முக்கித் தூக்கியதும் இரண்டு பேரும் தொட்டிக்குள்ளேயே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். சபையே அழுதது. அண்ணன் அன்றைக்குப் பிரசங்கத்தில் சொன்ன ஒரு வாக்கியம் பிறகு அவனுடைய முத்திரையாகிவிட்டது: "பிடிச்ச கை விடாது."

ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் அந்த இரட்சிப்பை இழக்கவே முடியாது என்பது அதன் பொருள். நீ வழுக்கலாம், விழலாம். ஆனால் உன்னைப் பிடித்திருப்பது உன் கை அல்ல, அவர் கை. இதைக் கேட்டுக் கிழவிகள் நிம்மதியாகச் செத்திருக்கிறார்கள். நான் கிண்டல் செய்யவில்லை. அது நல்ல வாக்கியம். சிறு வயதில் இருட்டுக்குப் பயந்தபோதெல்லாம் நானே அதைச் சொல்லிக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

சில வருடங்கள் கழித்துத் தம்பி சபைக்கு வருவதை நிறுத்தினான். குடிக்கவில்லை, ஊர் சுற்றவில்லை, யாரோடும் ஓடிப்போகவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நேராகச் சொன்னான்:

"எனக்கு நம்பிக்கை வரலண்ணா. எல்லாரோடயும் நின்னு பாடறப்ப பொய் சொல்ற மாதிரி இருக்கு."

ஆனாலும் ஞாயிறு தவறாமல் அம்மாவை பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை கேட்டுக்கு வெளியே பைக்கிலேயே உட்கார்ந்திருப்பான். சபைப் பிள்ளைகள் அவனுக்கு 'வாட்ச்மேன்' என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்.

4

இந்த இடத்தில் எனக்கு அண்ணன் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வில்லனாக எழுத நன்றாக வருகிறான். வெள்ளைச் சட்டை, மைக், கனத்த குரல். கை தானாக எழுதிக்கொண்டு போகிறது. ஆகவேதான் நம்ப முடியவில்லை.

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபின் ஆஸ்பத்திரியில் அவனோடு தங்கியது நானில்லை, அண்ணன்தான். வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவினான். உடம்பு துடைத்தான். சபை வேலைகளை மூப்பர்கள் தலையில் கட்டிவிட்டு, அந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கினான். பாசமில்லாத ஆள் என்றால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். பாவி, உயிரையே வைத்திருந்தான்.

5

கீழே வருவது நான் எழுதிய மரணக் காட்சி:

'தம்பி மெல்லக் கண்ணைத் திறந்தான். அண்ணனின் விரலைப் பற்றினான். உதடுகள் அசைந்தன. "ஆண்டவரே" என்ற ஒரு சொல் மட்டும்'

எழுதிவிட்டு நானே அழுதேன். பிரமாதமாக வந்திருந்தது. எரிச்சலே அதுதான். உண்மையில் நடந்ததை நான் கதவருகே நின்று கேட்டேன்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுடா," என்றான் அண்ணன். "மனசுக்குள்ள சொன்னாக்கூடப் போதும். என் கைய அமுத்து, நான் புரிஞ்சுக்கறேன்."

"பிடிச்ச கை விடாதுன்னு நீதானேண்ணா சொன்னே?"

"ஆமா."

"அப்புறம் நான் எதுக்கு அமுத்தணும்?"

"விளையாடாதடா, தயவுசெஞ்சு."

"விளையாடலண்ணா. அவர் நெஜமாவே இருந்தா அவரே பாத்துக்கட்டும். எனக்குள்ள இல்லாததை இருக்குன்னு உங்கிட்ட சொல்லி, அதை நீ போய் அம்மாகிட்ட சொல்லி... வேண்டாம். கொஞ்சம் தண்ணி குடு."

அண்ணன் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தான். ஸ்பூன் பல்லில் பட்டுச் சத்தம் போட்டது. 

எழுதுகிறவள்தான் கடவுள் என்ற அரதப் பழசான வித்தையை இனிமேல் காட்டுவேன் என்று காத்திருக்கிறீர்களா? மன்னிக்கவும். கடவுள் மேல் எனக்குப் புகார் நிறைய உண்டு. அவர் நாற்காலி மேல் ஆசை கிடையாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே வரியில் அவனை அண்ணன் கையை அமுத்த வைக்க என்னால் முடியும். தடுக்க ஆளில்லை. அப்படிக் காப்பாற்றப்படுகிறவன் என் தம்பியாக இருக்கமாட்டான், அவன் சட்டையைப் போட்ட வேறு யாரோவாக இருப்பான். அதனால் அந்தக் காட்சியை அடித்துவிட்டேன். மனசே இல்லாமல்தான் அடித்தேன்.

6

அடக்கம் முடிந்து வீட்டில் நெருங்கிய ஆட்கள் மட்டும் இருந்தார்கள். அப்பாவின் தம்பியும் வேறொரு சபைக்காரருமான எங்கள் சித்தப்பா தேநீர் டம்ளரோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். அம்மா அண்ணனிடம் கேட்டாள்:

"அவன் எங்கடா இருக்கான்?"

அண்ணன் சொன்னான்: "அம்மா... உண்மையா இரட்சிக்கப்பட்டவன் கடைசி வரைக்கும் நிலைச்சு நிப்பான்."

"நிக்கலன்னா?"

"நிக்கலன்னா, ஆரம்பத்துலேயே அவன் இரட்சிக்கப்படலன்னு அர்த்தம்மா. அவன் தெரிந்துகொள்ளப்பட்டவன் இல்ல."

"அப்ப அன்னிக்குத் தொட்டியில? நீதானே முக்கினே?"

"தண்ணியில நனைஞ்சான். அவ்வளவுதாம்மா."

சித்தப்பா டம்ளரை வைத்தார். "அதெல்லாம் இல்ல அண்ணி. அவன் நெஜமாத்தான் இரட்சிக்கப்பட்டான். அப்புறம் அவனே வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டான். கடவுள் யாரையும் கழுத்தைப் பிடிச்சு உள்ள தள்ள மாட்டாரு. மனுசனுக்கு சுயசித்தம்னு ஒண்ணு குடுத்திருக்காரே!"

"சித்தப்பா, அப்படின்னா கடவுள் பிடிச்ச பிடியை மனுசன் உதறிட முடியுமா? அவ்வளவு பலவீனமானவரா அவர்?"

"பின்ன, கொஞ்சப் பேரை மட்டும் முன்குறிச்சுட்டு மிச்சப் பேரைப் பிறக்கும்போதே கைவிடுறவரா? அதுக்குப் பேரு அன்பா?"

பிடித்துக்கொண்டார்கள். வசனத்துக்கு வசனம், அதிகாரத்துக்கு அதிகாரம். ஈரம் காயாத மண்ணை மிதித்துவிட்டு வந்த கால்களோடு உட்கார்ந்து இரண்டு பேரும் உற்சாகமாகவே இருந்தார்கள். ஒருவர் கணக்கில் தம்பிக்கு இரட்சிப்பு கொடுக்கப்படவே இல்லை. மற்றவர் கணக்கில் கொடுத்ததை அவனே தொலைத்தான். இரண்டு பேரும் வேறு வேறு தெரு வழியாகப் போய் அவனை ஒரே இடத்தில் இறக்கிவிட்டு வந்தார்கள்.

[இங்கே ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தேன். யாரும் இரட்சிப்பை இழக்கவே முடியாது என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! இழந்தவர்களை எல்லாம் 'ஆரம்பத்திலேயே இல்லை' என்று முன்தேதியிட்டு நீக்கிவிட்டால், அப்புறம் யாருமே இழக்கவில்லைதான். ஆகவே இந்தக் கோட்பாடு... கோபத்தில் எழுதினால் கட்டுரை கோணுகிறது. விட்டுவிட்டேன்.]

அம்மா கையை உயர்த்தினாள். இருவரும் அடங்கினார்கள்.

"பெரியவனே, நீ கடைசி வரைக்கும் நிலைச்சு நிப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குள்ள நிச்சயம் இருக்கும்மா."

"அவனுக்கும் இருந்துச்சே. ஈரத்தோட ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிச்சு, எனக்கு நிச்சயமா இருக்கும்மான்னு சொன்னானே. அவன் நிச்சயத்துக்கும் உன் நிச்சயத்துக்கும் என்னடா வித்தியாசம்?"

அண்ணன் மாட்டிக்கொண்டதில் சித்தப்பா கொஞ்சம் சந்தோஷப்பட்டார். அதற்காக அவரை நான் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை.

7

அம்மாவும் நானும் பட்டறையிலிருந்து சும்மா திரும்பி வந்த அடுத்த வாரம், அண்ணனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போனோம். அண்ணன் செதுக்குகிறவரிடம் மெதுவாகச் சொன்னான்: "மரித்தார்னே வெட்டிடுங்க."

அம்மா அழவில்லை. அழுவாள் என்றுதான் எழுதி வைத்திருந்தேன்.

"எனக்கும் இப்பவே ஒரு கல்லு சொல்லிடறேன்," என்றாள்.

"அதுக்கு என்னம்மா அவசரம், நூறு வருசம் இருங்க," என்று சிரித்தார் செதுக்குகிறவர்.

"இருக்கேன். ஆனா ஞாபகம் வச்சுக்கோங்க. எனக்கும் மரித்தார்னுதான் வெட்டணும். அந்த வார்த்தை வேண்டாம்."

"அம்மா!" என்றான் அண்ணன். "என்ன பேசற?"

"அவன் இல்லாத இடத்துல எனக்கு என்னடா வேலை?"

"அப்படிச் சொல்லக்கூடாதும்மா. அது பெரிய பாவம்."

"பாவம்னா? என் இரட்சிப்பு போயிடுமா? போகாதுன்னுதானே இத்தனை வருசமா மைக்கைப் பிடிச்சுட்டுக் கத்தினே? நான் உதறிப் பாக்கறேன். அந்தக் கை விட்டுடுச்சுன்னா சின்னவன்கிட்ட போய்ச் சேருவேன். விடலன்னா, சின்னவனையும் விட்டிருக்காது. ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம்."

பட்டறையில் யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள். அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் கோட்பாட்டுக்காகப் பயப்படவில்லை, எனக்குத் தெரியும். ஒரு தம்பியை ஏற்கெனவே நரகத்துக்கு அனுப்பிவிட்டதாக நம்புகிற ஒருவன், இப்போது அம்மாவும் பின்னாலேயே நடக்கத் தொடங்கியதைப் பார்த்து நின்றான். அவன் நம்புகிறான் ஐயா! நடிக்கவில்லை. நெருப்பு, பற்கடிப்பு, எல்லாவற்றையும் நம்புகிறான்.

செதுக்குகிறவர் பக்கம் திரும்பினான். 

"மாத்திக்கோங்க. தம்பிக்கு 'கர்த்தருக்குள்'னே போட்டுடுங்க."

நான் பெருமூச்சு விட்டேன். கதையை இங்கே முடித்திருக்கலாம், பத்திரிகைக்காரர்களும் சந்தோஷமாகப் போட்டிருப்பார்கள். ஆனால் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து, அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நம்பிச் சொல்றியா? இல்ல, எனக்காகச் சொல்றியா?"

8

இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

'நம்பித்தாம்மா' என்றால், அம்மா அன்றைக்கே நிம்மதியாகத் தூங்குவாள். அவன் அவளிடம் சொன்ன முதல் பொய்யாக அது இருக்கலாம். தம்பி சாகிற நேரத்தில்கூடச் சொல்ல மறுத்த அதே வகைப் பொய்.

'உனக்காகத்தாம்மா' என்றால், அது உண்மை. கல்லில் வெட்டுகிற சொல் வெறும் அலங்காரம் என்றாகிவிடும். அம்மா தன் கல்லைப் பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ளமாட்டாள்.

(மூன்றாவதாக, அவன் உண்மையிலேயே அந்த நொடியில் நம்பிவிட்டான் என்று எழுதலாம். எழுதிப் பார்த்தேன். என் ஆசை அதில் அப்பட்டமாகத் தெரிந்தது.)

அண்ணன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் சொல்லமாட்டேன். நான் எழுதிவிட்டால், அவன் அதைத்தான் சொல்லியிருக்க முடியும், அதற்காகவே செய்யப்பட்டவன் அவன் என்று ஆகிவிடும். எழுதாத வரைக்கும் அவனால் இரண்டையும் சொல்ல முடியும். நான் அவனுக்குச் செய்யக்கூடிய உபகாரம் இவ்வளவுதான்.

உங்களுக்கும் இதைப் பற்றி ஒரு கருத்து இருக்கும். எல்லோருக்கும் இருக்கிறது. சித்தப்பாவுக்குக்கூட இருந்தது. அப்படியானால் சும்மா அங்கே உட்கார்ந்திருக்காமல் எழுந்து வாருங்கள். அண்ணன் இடத்தில் நில்லுங்கள். அம்மாவின் விரல்கள் உங்கள் தாடையில் இருக்கின்றன, கண்ணை எடுக்காமல் பார்க்கிறாள்.

சொல்லுங்கள், அவளிடமே சொல்லுங்கள்.