நாற்பத்தைந்தில் வரும் நடுக்கம்

நடுங்குவது லாரியா, தன் கையா?

ஒரு வாரமாகச் செல்லமுத்துவின் மண்டையைக் குடைந்த கேள்வி அது ஒன்றுதான். கல்வராயன் மலையில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைக்கு இறங்குவார். கச்சிராயபாளையம் தாண்டி, சமதளச் சாலையில் வேகம் பிடிப்பார். முள் நாற்பத்தைந்தைத் தொட்டதும் ஸ்டியரிங் பிடித்த கைகளில் ஒரு கிடுகிடுப்பு. ஐம்பத்தைந்தைத் தாண்டினால் காணாமல் போகும். வேகத்தைக் குறைத்தால் மறுபடி ஆஜர்.

முதலாளி தங்கதுரை தானே ஓட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. மாற்று டிரைவர் தமிழரசன் ஓட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை. கள்ளக்குறிச்சிப் பட்டறையில் மெக்கானிக் சுபாஷ் முன்சக்கரங்களை ஜாக்கி போட்டுத் தூக்கி, டை ராடைப் பிடித்து உலுக்கி, கிங் பின்னுக்குக் கடப்பாரை கொடுத்து நெம்பினான். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"தேய்மானமே கெடையாதுண்ணே. ஸ்டியரிங் சுத்தம்."

போதாக்குறைக்கு வீட்டில் மனைவி சின்னப்பொண்ணு. "கொழம்பு ஊத்தும்போது கை நடுங்குதேய்யா உனுக்கு? சொக்கா பூரா ஊத்திக்கினுகீற."

தங்கதுரை அதற்கு மேல் யோசிக்கவில்லை. "யோவ் செல்லமுத்து, வயசாயிடுச்சுய்யா. கை ஆடுற ஆளை நம்பி மலைக்கு வண்டி வுட முடியுமா? இந்த வாரத்தோட எறங்கிக்கோ. தமிழரசன் ஏறட்டும். நீ ஆலையில எடைமேடைகிட்ட நின்னுக்கோ."

எடைமேடை! மலையின் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர், இனி மற்றவர்கள் ஓட்டி வரும் லாரிகளுக்குக் கையசைக்க வேண்டுமாம்.

அந்த வாரத்தின் கடைசி நடை. மலைக்குக் கிளம்பும் முன் செல்லமுத்து நேராகப் பட்டறைக்குப் போனார்.

"சுபாசு, இன்னொரு தபா பாருய்யா."

"இன்னாத்தண்ணே பாக்குறது? எல்லாத்தையும் கழட்டி மாட்டியாச்சு." சுபாஷ் டீயை உறிஞ்சினான். பிறகு, பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டான். "மலைலேர்ந்து வரும்போது ஆடுதுன்ற. போம்போது?"

செல்லமுத்து விரல் விட்டு நடைகளை எண்ணிப் பார்த்தார்.

"போம்போது... வர்லயேப்பா."

சுபாஷின் டீ கிளாஸ் பாதியில் நின்றது. போகும்போது காலி வண்டி. வரும்போது கிழங்கு லோடு. இத்தனை பேர் சோதித்தது எதை? காலி வண்டியை! கிழங்கு வெட்டிய அன்றே ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். லோடு வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றதாகச் சரித்திரமே இல்லை. லாரி எப்போதும் காலியாகத்தான் வரும், காலியாகத்தான் போகும்.

"ஏறுண்ணே." சுபாஷ் ஸ்பானர் பையைத் தூக்கி கேபினுக்குள் எறிந்தான். "நானும் வரேன்."

மதியம் வெள்ளிமலையில் லோடு ஏறியது. மூட்டைகள் அடுக்கிக் கயிறு இறுக்கியதும் லாரி பின்பக்கம் நன்றாக அமுங்கி உட்கார்ந்தது. வளைவுகளில் இறங்கியபோது செல்லமுத்துவின் கைகள் ஸ்டியரிங்கைப் பாம்பின் கழுத்தைப் பிடிப்பது போல இறுக்கியிருந்தன. சுபாஷ் அதைக் கவனித்தான்.

கச்சிராயபாளையம் தாண்டியது. சாலை நேரானது. சுபாஷ் பாதி தண்ணீர் இருந்த பாட்டிலை இரண்டு சீட்டுக்கும் நடுவே இன்ஜின் மூடி மேல் நிறுத்தினான்.

முப்பத்தைந்து. நாற்பது. பாட்டிலுக்குள் சின்னச் சின்ன அலை. அவ்வளவுதான்.

நாற்பத்தைந்து.

தண்ணீர் குதித்தது! பாட்டில் கிடுகிடுவென்று நகர்ந்து செல்லமுத்துவின் முழங்காலில் வந்து மோதியது.

"பாத்தியா! பாத்தியா!" செல்லமுத்து கத்தினார். "ஆடுதுய்யா, வண்டிதான்யா ஆடுது!"

"ஆடுதுண்ணே. தண்ணிக்குமா வயசாயிடுச்சு?"

தான் ஓட்டும் வண்டிக்குக் கோளாறு என்று கேட்டு இப்படிச் சிரித்த டிரைவரைச் சுபாஷ் பார்த்ததில்லை.

"சிரிச்சது போதும். நியூட்ரல் பண்ணு."

கியர் விலகியது. இன்ஜின் அடங்கியது. உருண்டுகொண்டே போன லாரியில் நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. ஆக, இன்ஜினும் இல்லை, கிளட்ச்சும் இல்லை. சுபாஷ் சீட்டில் உள்ளங்கையை வைத்தான். தரையில் காலை அழுத்தினான். பிறகு எட்டி ஸ்டியரிங்கை இரண்டு விரலால் தொட்டான்.

"அண்ணே, ஸ்டியரிங்ல கம்மியாத்தான் கீது. சீட்டுலதான் ஜாஸ்தி. உனுக்குத் தெரியலையா?"

செல்லமுத்து விழித்தார். தெரியவில்லைதான். ஒரு வாரமாக அவருடைய கவனமெல்லாம் கைகளில். நடுக்கத்தை அடக்குவதற்காகவே இறுக்கிப் பிடித்துப் பிடித்து, வீட்டுக்குப் போன பிறகும் கை ஓயாமல் துடித்திருக்கிறது.

"ஸ்டியரிங்னு நீ சொன்னே, நானும் முன்னாடியே தேடிக்கினுகீறேன். சீட்டு ஆடுனா நோவு பின்னாடி. ஜாயிண்ட் ஷாஃப்ட்டு." சுபாஷ் சட்டென்று நிறுத்தினான். அவன் முகம் மாறியது. "அதோட மூட்டுக்கு நான் கிராஸ் மாத்தினது எப்பண்ணே?"

"ஆயுத பூஜை முடிஞ்சு... போன வாரம்."

"நடுக்கம்?"

"அதுக்கு மறுநாள்லேர்ந்து."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லாரி ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கியது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்தார்கள். சுபாஷ் வண்டிக்கு அடியில் நுழைந்தான். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளமான ஷாஃப்ட், சில்வர் பெயிண்ட்டில் பளபளத்தது. மேலே காய்ந்த சந்தனப் பொட்டு வேறு. அவன் ஸ்குரூடிரைவரால் பெயிண்ட்டைச் சுரண்டத் தொடங்கினான்.

அப்போதுதான் பைக் வந்து நின்றது. தங்கதுரை. பின்னால் தமிழரசன்.

"ஆலையில காத்துக்கினுகீறாங்க, இங்க இன்னாய்யா மரத்தடி கச்சேரி? தமிழரசா, ஏறு. வண்டிய எடு."

"அடியில ஆளு கீதுங்க மொதலாளி," என்றார் செல்லமுத்து.

"யாரு?"

"நான்தான்!" அடியிலிருந்து குரல். "மொதலாளி, ஷாஃப்ட்டுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது?"

"நான்தான் அடிச்சேன்." தங்கதுரை நிமிர்ந்தார். "பூஜைக்கு மேல மட்டும் அடிச்சா சாமிக்குத் தெரியாதா? அடியில பூந்து மொழுகினேன்."

"மொழுகினீங்க. அம்புக்குறியையும் சேர்த்து மொழுகினீங்க!"

ஷாஃப்ட் இரண்டு துண்டு. பல்லுக்குப் பல் பொருந்தி ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். இரண்டிலும் ஓர் அம்புக்குறி உண்டு. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். பெயிண்ட்டுக்குள் அவை ஒளிந்துகொள்ள, கிராஸ் மாற்றிய சுபாஷ் கண்மதிப்பில் செருகியிருக்கிறான். ஒரு பல் தள்ளி. காலி வண்டியில் அது வாயைத் திறக்கவில்லை. லோடு ஏறி, பின்பக்க வில்பட்டை அமுங்கி, ஷாஃப்ட்டின் சாய்வு மாறியதும் குலுக்க ஆரம்பித்துவிட்டது.

"அப்ப நீதான்டா தப்பா மாட்டினே!"

"நான்தான். ஒத்துக்கறேன். நீங்க மறைச்சீங்க, நான் மாட்டினேன். நடுவுல அண்ணன் கைய வெட்டப் பாத்தோம்."

தமிழரசன் யாரும் கேட்காமலே படுத்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். போல்ட்டுகள் கழன்றன. ஷாஃப்ட் பின்னுக்கு வந்து, ஒரு பல் திரும்பி, மறுபடி உள்ளே போனது.

"இப்ப வண்டிய நான் எடுக்கவா?" தமிழரசன் மண்ணைத் தட்டிக்கொண்டு கேட்டான்.

தங்கதுரை பைக் சாவியை அவன் கையில் திணித்துவிட்டு, கேபினில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். சுபாஷ் நடுவே இன்ஜின் மூடி மேல். செல்லமுத்து தன் சீட்டில். லாரி நகர்ந்தது.

நாற்பது. செல்லமுத்துவின் விரல்கள் பழக்கத்தில் இறுகின. வேண்டுமென்றே தளர்த்தினார்.

நாற்பத்தைந்து.

தங்கதுரை சீட்டைத் தடவினார். கதவைத் தடவினார். சந்தேகத்தோடு செல்லமுத்துவின் கைகளையே உற்றுப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையேய்யா."

"தெரியக்கூடாதுங்க மொதலாளி."

பக்கத்தில் பைக்கை ஓட்டிக்கொண்டு வந்த தமிழரசன் கேட்டான். "மொதலாளி! நாளைக்கு மலைக்கு நான் வரணுமா?"

தங்கதுரை ஜன்னல் பக்கம் சாய்ந்து கத்தினார். "பைக்கை வூட்ல வுட்டுட்டு எடைமேடைக்குப் போடா!"