லியாவ் வீட்டுப் பழங்குடிகள்

மாமனார் மீனின் கன்னச் சதையைப் பிய்த்து நகாவின் கிண்ணத்தில் வைத்ததும் அவளுக்குப் பகீரென்றது. கல்யாணமாகி வந்த பதினேழு வருஷத்தில் அந்த வீட்டு மீனில் வால்துண்டைத் தவிர வேறெதுவும் அவள் பக்கம் வந்ததில்லை. கணவன் ச்சுங்-ஹான் சாப்பிடும் குச்சியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்தான்.

"மாமா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்பிடும்மா. உங்க ஆளுங்க மீன்னா உசிரை விடுவீங்களே!"

பேத்தி பெய்-ரூ நிமிர்ந்தாள். 'உங்க ஆளுங்க' என்ற சொல் அந்த மேசையில் அதுவரை விழுந்ததே இல்லை.

தீவின் கிழக்குக் கரையில், ஹுவாலியன் கடைத்தெருவில், மாமனார் லியாவ் திங்-மூவுக்கு இரும்புச் சாமான் கடை. மகன் ஆமிஸ் பழங்குடிப் பெண்ணைக் காதலித்துக் கட்டியபோது, உறவுக்காரர்களிடம் "பொண்ணு தெற்குப் பக்கம்" என்று மட்டும் சொல்லிவைத்தார். தெற்கில் எங்கே என்று கேட்டவர்களுக்குத் தேநீர் ஊற்றினார். நகாவ் கடையிலோ வீட்டிலோ தன் பாஷை பேசக் கூடாது. அவள் அம்மா கொடுத்தனுப்பும் உப்புப் பன்றிக்கறி ஜாடிக்கு ஸ்கூட்டர் கொட்டகைதான் இடம். அடையாள அட்டையில் அவள் லின் ஷியு-ச்சின். அதுவும் வீட்டுப் பெயரல்ல. உலக யுத்தம் முடிந்து சீனரின் புது சர்க்கார் வந்தபோது, பதிவு குமாஸ்தா அவள் தாத்தாவுக்கு லின் என்றும், தாத்தாவின் கூடப்பிறந்த தம்பிக்கு ஹுவாங் என்றும் போகிற போக்கில் குடும்பப் பெயர் வைத்துவிட்டுப் போனார். அண்ணன் தம்பி இருவரும் காகிதத்தில் அன்றே அந்நியர்களானார்கள்.

"பெய்-ரூ டாக்டராகணும்னு சொல்றா. பழங்குடிப் பிள்ளைங்களுக்கு நுழைவுத் தேர்வுல மார்க் கூட்டித் தர்றாங்களாம். அவங்க பாஷையில பரீட்சை எழுதித் தேறினா இன்னும் நிறையவாம்!" என்று ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார் லியாவ். "மருந்துக்கடைக்காரன் சொல்றான். இத்தனை நாளா நீ ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்கதானே மாமா வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்க?"

"அது வேற விஷயம். இவளுக்கு உங்க பாஷையைச் சொல்லிக்குடு. ரூம் கதவைச் சாத்திக்கிட்டுச் சொல்லிக்குடு."

நகாவ் கன்னச் சதையை மென்று, நிதானமாக முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"கதவைச் சாத்தினா பாஷை வராது மாமா. புழங்கணும். இந்த மேசையில உக்காந்தா எல்லாரும் அதுலதான் பேசணும். நீங்களும்தான்."

"நானுமா? நான் என்ன பரீட்சையா எழுதப் போறேன்?"

"அப்போ வேண்டாம். அவ சொந்த மார்க்குலயே படிக்கட்டும்."

லியாவ் ஆணிகளை எடைபோடுவது போல மனத்துக்குள் எடைபோட்டுப் பார்த்தார். டாக்டர் பக்கம்தான் தட்டு இறங்கியது.

மறுநாளிலிருந்து அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. மேசையில் எதைக் கேட்பதானாலும் ஆமிஸில் கேட்க வேண்டும். கேட்கத் தெரியாத நாட்களில் எதிரிலிருக்கும் பன்றிக்கறியைப் பார்த்துக்கொண்டே வெறும் சோறு தின்றார். தண்ணீருக்கு 'நானோம்' என்று கற்றுக்கொண்ட அன்று விக்கல் இல்லாமலேயே நாலு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். பன்றி 'ஃபாஃபோய்', தாய்மாமன் முறைப் பெரியவர் 'ஃபாக்கி'. இரண்டையும் குழாய்களுக்கு நடுவே நின்று முணுமுணுப்பார். வாடிக்கையாளர்கள் ஜெபம் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள்.

உப்புக்கறி ஜாடி கொட்டகையிலிருந்து மேசைக்கு வந்தது. யாரும் இல்லாத நேரத்தில் லியாவ் அதில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு ஜாடி சீக்கிரமே காலியாக ஆரம்பித்தது.

நகாவுக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருநாள் மகள் அடுப்படியில் நின்று, யோசிக்காமல், ஆமிஸில் "அம்மா, பசிக்குது" என்றாள். நகாவ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீரை அலசுகிற சாக்கில் வெகுநேரம் குழாயைத் திறந்தே வைத்திருந்தாள்.

பரீட்சைக்கு முன்னால் பேத்தியோடு பேசிப் பழக்க நகாவின் தாய்மாமன் மயாவ் வந்தார். ஆமிஸ் வீடுகளில் தாய்மாமன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அந்த மயாவை லியாவ் அதுவரை வீட்டுக்குள் விட்டதே இல்லை. கல்யாணத்தன்று கடைசி மேசையில் உட்கார வைத்தவர். இப்போது வாசலுக்கே ஓடி, இரண்டு கையையும் நீட்டி, பெருங்குரலில் வரவேற்றார்.

"வாங்க வாங்க, ஃபாஃபோய்!"

மயாவ் குனிந்து தன் தொந்தியைப் பார்த்தார்.

"உள்ளதைத்தானே சொல்றாரு சம்பந்தி" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். "முன்னெல்லாம் மனசுக்குள்ள சொல்லுவாரு. இப்ப எங்க பாஷையிலயே சொல்றாரு. முன்னேற்றம்தான்!"

லியாவுக்குக் காதுவரை சிவந்தது. அன்று மீன் கன்னத்தை மயாவின் கிண்ணத்தில் வைத்தார். யாரும் சொல்லி வைக்கவில்லை.

பெய்-ரூ மொழித் தேர்வில் தேறினாள். அன்று கடையில் தேநீர் குடிக்க வந்த பழைய சிநேகிதர், "நாம எல்லாம் ஒரே நாட்டு ஜனம். இவங்களுக்கு மட்டும் எதுக்கு ஓசி மார்க்கு?" என்று ஆரம்பித்தார். வருஷக்கணக்காக லியாவே சொல்லிவந்த பேச்சுதான்.

"ஓசியா? அந்தப் பாஷையில ஒரு வினைச்சொல்லை மாத்திப் பாரு, நாக்கு சுளுக்கிக்கும்!" என்று கோப்பையை ணங்கென்று வைத்தார் லியாவ். "இந்தத் தீவுக்கே நாங்கதான்யா முதல் குடி!"

"நாங்கன்னா யாரு?"

லியாவ் கெட்டிலைத் தேடினார்.

அந்த மார்க் கிடைக்கப் பழங்குடிப் பேர் பதிவில் இருக்க வேண்டுமாம். கல்லூரி விண்ணப்பத்துக்குமுன் அதைப் பதிய எல்லோரும் பதிவு அலுவலகம் போனார்கள். கவுண்டரில் ஒரு இளம்பெண் இருந்தாள்.

"சீனப் பேருக்குப் பக்கத்துல பழங்குடிப் பேரையும் சேக்கணுமா, இல்ல பழங்குடிப் பேரு மட்டும் போதுமா?"

"பக்கத்துல போதும். சின்ன எழுத்துல" என்று லியாவ் முந்திக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பரீட்சை முடிஞ்சதும் எடுத்துடலாம்ல?"

"இது ஸ்டிக்கர் இல்லீங்க ஐயா."

"தோங்கி நகாவ்" என்றாள் பேத்தி. "தோங்கி என் பேரு, நகாவ் எங்கம்மா பேரு. அது மட்டும் போதும்."

"அடியே, லியாவ் எங்கடி போச்சு?"

"எங்கேயும் போகலை தாத்தா. நீங்க இங்கதானே உக்காந்திருக்கீங்க?"

லியாவ் உதவிக்கு மகனைப் பார்த்தார். ச்சுங்-ஹான் சுவரிலிருந்த மின்விசிறியைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தான். டாக்டரை நினைத்து லியாவ் பல்லைக் கடித்துக்கொண்டார். வேலை முடிந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நகாவ் எழுந்திருக்கவில்லை. மகள் காலிசெய்த நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்து, தன் அட்டையைக் கவுண்டரில் வைத்தாள்.

"எனக்கும் மாத்தணும்மா. நகாவ்னு போடு."

லியாவ் வாசலிலிருந்து திரும்பி வந்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"உனக்கு எதுக்கும்மா? இந்த வயசுல உனக்கு யாரு மார்க் குடுக்கப் போறா?"

"யாரும் குடுக்க மாட்டாங்க மாமா" என்றாள் நகாவ். "என் பேருன்னுதான்."