ரிப்பன் வலக்கைப் பக்கம்

ரிப்பன் வெட்டுவது நான், அதைக் காட்டில் கட்டுவது என் வீட்டுக்காரர், அதை நம்பி ஓடுவது என் தம்பி. வருஷா வருஷம் மலையடி வனப் பூங்காவில் நடக்கும் காட்டு ஓட்டத்தில் எங்கள் குடும்பத்தின் பங்கு இதுதான். என் தையல் கடையில் சேரும் ஆரஞ்சுத் துணி முழுக்க அன்றைக்கு மரக்கிளைகளில் தொங்கும். தம்பி பள்ளி வேன் ஓட்டுகிறவன். ஈ காக்கை இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நின்று, பின்னால் வருகிறவர்களிடம் வசவு வாங்கிக் கட்டிக்கொள்கிற ஜென்மம். வேகமாக ஓட வராது. ஆனால் எடுத்த ஓட்டத்தைப் பாதியில் விட்டதாக யாரும் அவனைச் சொல்ல முடியாது.

இந்த வருஷம் முந்தின நாளிலிருந்தே மழை. மதியத்துக்கு மேல் மலையுச்சியை மேகம் மூடிக்கொண்டது. முடிவுக் கோட்டருகே கூடாரத்தில் நான் பதக்கம் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். ஓடினவர்கள் சேற்றுக் காலோடு வந்து, உடை மாற்றி, சூடாக ஏதாவது குடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தம்பி வரவில்லை. அவன் என்றைக்கு முன்னால் வந்திருக்கிறான் என்று நானும் அலட்டிக்கொள்ளவில்லை.

எல்லோருக்கும் பின்னால் வருகிற தொண்டரை நாங்கள் 'வால்' என்போம். இந்த வருஷத்து வால் ஒரு தபால்காரர். அவர் ஒரு பெண்ணைத் தோளில் தாங்கியபடி கூடாரத்துக்குள் வந்தார். அந்தப் பெண் போட்டிருந்த மழைச் சட்டை நான் தைத்தது. தம்பிக்காகத் தைத்தது.

"என் தம்பி எங்க?"

"இன்னும் வரலியா? எனக்கு ரொம்ப முன்னாடியே போனாரே! இந்தப் பொண்ணுக்குக் கால் பிசகிருச்சு. நான் வர்ற வரைக்கும் கூடவே உக்காந்திருந்தாரு. சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு, 'நீங்க குறுக்குப் பாதையில கூட்டிட்டு இறங்குங்க, நான் மிச்சத்தை முடிச்சிட்டு வந்துடறேன்'னு ஓடினாரு."

கையில்லாத ஒரு பனியன். அதைத்தான் உள்ளே போட்டிருந்தான். அவன் கைபேசிக்கு திரும்பத் திரும்ப அடித்தேன், மணியே போகவில்லை.

வனக்காவலர் ஆட்களைத் திரட்டி ஓடைப் பக்கம் அனுப்பினார். "வழி தவறினவங்க பெரும்பாலும் இறக்கத்துலதாம்மா போவாங்க," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. வழி தவறினோம் என்று தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

என் வீட்டுக்காரர் கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு பேயறைந்தவர் மாதிரி நின்றார். அப்போதுதான், ஓடி முடித்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த பல் டாக்டர் ஒருவர் தலையைத் தூக்கினார்.

"சொல்லணும்னு நெனச்சேன். கணவாயைத் தாண்டின உடனே ரிப்பன் எல்லாம் இடது பக்கம் இருந்துச்சு. நாங்க கூட்டமா போனதால சிரிச்சிட்டே போயிட்டோம்."

எங்கள் பாதை கணவாய் வழியாக உச்சிக்கு ஏறி, பிறகு கீழே இறங்குவது. எங்கள் ஓட்டத்தில் ஒரே ஒரு சட்டம்தான். ரிப்பன் எப்போதும் ஓடுகிறவரின் வலக்கைப் பக்கம். இடக்கைப் பக்கம் தெரிந்தால் நீங்கள் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். உடனே திரும்ப வேண்டும். காட்டுக்குள் எல்லா மரமும் ஒன்றுபோல இருக்கும், மூடுபனியில் கேட்கவே வேண்டாம். அதனால்தான் அந்தச் சட்டம்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"நேத்து ஏத்தம் வழுக்கிச்சு. ஜீப்ல மேல கொண்டு விட்டாங்க. உச்சியிலேர்ந்து கணவாய்க்கு இறங்கிக்கிட்டே கட்டினேன். என் வலது பக்கமாவே கட்டிட்டேன். ஏறி வர்றவங்களுக்கு அது இடதுன்னு அந்த நேரத்துல தோணலை."

"தோணலையா? எத்தனை வருஷமா கட்டறீங்க!"

கத்தினேன். இன்னும் நிறையக் கத்தியிருப்பேன். அதற்குள் என் தம்பி எங்கே இருக்கிறான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

கணவாயைத் தாண்டி ஏறுகிறான். ரிப்பன் இடப்பக்கம். தப்பாக வந்துவிட்டோம் என்று திரும்புகிறான். இறங்கும்போது ரிப்பன் வலப்பக்கம், நிம்மதியாக ஓடுகிறான். கணவாய்க்குக் கீழே ரிப்பன்கள் சரியாகக் கட்டியவை, ஆனால் அவன் எதிர்த்திசையில் வருகிறானே, அவை இடப்பக்கம் தெரியும். மறுபடி திரும்புவான். மறுபடி ஏறுவான். வேறொருவனாக இருந்தால் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மேட்டைப் பார்த்து நடந்திருப்பான். என் தம்பி நடக்கமாட்டான். அவன் ஓடையிலும் இல்லை, எங்கேயும் தொலையவில்லை. கணவாயில் போவதும் வருவதுமாக இருக்கிறான்.

வனக்காவலரிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் மறுபேச்சு பேசாமல் ஜீப்பையும் ஓட்டுநரையும் கொடுத்தார். உச்சியில் ஜீப் பாதை முடிந்தது. ஓட்டுநர் வயர்லெஸ்ஸில் ஸ்ட்ரெச்சரும் தூக்க ஆட்களும் கேட்டார். ஓடைக்குப் போன ஆட்கள் திரும்பி வர வெகுநேரம் ஆகும் என்று பதில் வந்தது. அவரை வயர்லெஸ்ஸோடு அங்கேயே விட்டுவிட்டு, நானும் வீட்டுக்காரரும் கம்பளியோடு இறங்கினோம். மேகத்துக்குள் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. தம்பி தம்பி என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாமியை வேண்டினேன், வேண்டிக்கொண்டே வீட்டுக்காரரைத் திட்டினேன்.

கணவாய் நெருங்க நெருங்க ஒற்றையடிப் பாதை உழுத வயலாகக் கிடந்தது. ஏறின தடம், இறங்கின தடம், எல்லாம் ஒரே ஷூ. பார்த்ததும் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

கீழேயிருந்து அவன் வந்தான். ஓட்டமில்லை, காலை இழுத்து இழுத்து ஒரு நடை. பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. குளிரில் நடுங்கும்வரை பயமில்லை என்பார்கள். அவன் நடுங்கவே இல்லை. என்னைப் பார்த்து நின்றான்.

"அக்கா, நீயும் தப்பா வந்துட்டியா?"

"இல்லடா ராஜா, சரியாத்தான் வந்திருக்கேன். வா, மேல ஜீப் நிக்குது."

கம்பளியைச் சுற்றி இறுக்கிப் பிடித்தேன். கல்லைக் கட்டிக்கொண்டதுபோல் இருந்தது. நாலு எட்டு கூடவே வந்தான். இடப்பக்கத்துக் கிளையில் ரிப்பனைக் கண்டதும் நின்று, திரும்ப ஆரம்பித்தான். இழுத்தேன். வீட்டுக்காரர் பின்னாலிருந்து தள்ளினார். வேன் ஓட்டி ஓட்டிப் பெருத்த உடம்பு, சேற்றில் எங்கள் கால்தான் வழுக்கியது. மூன்று பேரும் விழுந்தோம்.

"மச்சான், நான் சொல்றதைக் கேளு. தப்பாக் கட்டியிருக்குடா. இந்த ரிப்பன் எல்லாமே தப்பு," என்று அவர் கெஞ்சினார்.

தம்பி அவர் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க சார்," என்றான், நாக்கு குழற. "கட்டினது எங்க மாமா. அவரு தப்பாக் கட்ட மாட்டாரு."

வீட்டுக்காரரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அவரோடு இத்தனை வருஷம் வாழ்ந்தும் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை. எழுந்து அந்தக் கிளைக்குப் போனார். விரல் விறைத்திருந்ததால் முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தார். பாதையைக் கடந்து, எங்கள் வலக்கைப் பக்கத்து மரத்தில் கட்டினார்.

தம்பி அதைப் பார்த்தான். தலையை ஆட்டினான். என் தோளில் சாய்ந்து, அந்த மரம்வரை நடந்து வந்தான். அங்கே நின்று அடுத்த ரிப்பனைத் தேடினான்.

உச்சிவரை இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். கட்டினவர் அடுத்த மரத்துக்கு ஓடினார்.