வானத்துக் குவாலிக்கு ஒரு பூசை

பாலிங் ஊரிலிருந்து ஆறாவது மைலில் இருந்த ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் வாரத்துக்கு இரண்டு நாள் மக்கர் பண்ணும். மழை வந்தால் தமிழ்ப்பள்ளிக் கூரை மூன்றாம் வகுப்புக்குள் ஒழுகும். அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தின் பின்புறத் திடலில்தான், எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், வானத்துத் துணைக்கோளத்திலிருந்து பாடம் வாங்கித் தருகிற கருவியைக் கொண்டுவந்து நட்டார்கள். தோட்டத்து ஜனங்கள் பார்த்த அன்றே அதற்குக் குவாலி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் கறி பிரட்டுகிற இரும்புச் சட்டியான குவாலியைப் பல மடங்கு பெருக்கி, வானத்தைப் பார்க்க வைத்தது போலத்தான் இருந்தது. பெயரில் குற்றம் சொல்ல முடியாது.

பினாங்கிலிருந்த பல்கலைக்கழகம் செய்த ஏற்பாடு அது. வேலை பார்த்துக்கொண்டே தபாலில் பாடம் வாங்கிப் படிக்கிறவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். இன்னும் பத்து வருடத்தில் படிக்க வருகிற கூட்டத்துக்கு எவ்வளவு கட்டடம் கட்டினாலும் போதாது, விரிவுரையாளர்களை ஊர் ஊராக அனுப்பவும் ஆள் இல்லை என்று பெரியவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். பாடத்தை வானத்துக்கு அனுப்பி அங்கிருந்து ஊர்களில் இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை. அலோர் ஸ்டாரில் ஒன்று, பாலிங்கில் ஒன்று என்று பரீட்சித்துப் பார்க்க முடிவானது. பாலிங்கில் சரியாக வந்தால் இங்கேயே நிரந்தர வகுப்பு வைப்பார்கள். வராவிட்டால், இனித் தபால் பாடம் மட்டும் போதாது, எல்லாரும் வகுப்புக்கு அலோர் ஸ்டாருக்குத்தான் போக வேண்டும்.

இதில் மற்றவர்களுக்குப் போனால் போகிறது என்று இருந்தது. ஜெனவீவுக்கு அப்படியில்லை. அந்தப் பள்ளியில் ஆசிரியையாக இருந்துகொண்டே பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு வரை வந்திருந்தாள். அவள் கணவன் சில்வெஸ்டர் ரப்பர் ஷீட் ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்த படுக்கையாகக் கிடந்தான். சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அலோர் ஸ்டாருக்குப் போய் இரண்டு நாள் தங்கிப் படிப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை. பட்டம் வாங்கினால் சுங்கைப்பட்டாணியில் இடைநிலைப்பள்ளி வேலை கிடைக்கும், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. அந்த ஒரு எண்ணத்தில்தான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

குவாலியை நிறுத்த வந்த தொழில்நுட்பர் ரமணி, அலோர் ஸ்டார்ப் பையன், மரியாதை தெரிந்தவன். குவாலியின் நடுவே மூன்று மெல்லிய கம்பிகள் மேலே எழும்பி, ஒரு தகர டப்பாவைத் தாங்கிக்கொண்டு நின்றன. அதுதான் இதற்கு மூக்கு, வானத்திலிருந்து வருவதையெல்லாம் அதுதான் மோந்து பிடிக்கும், விரல் அகலம் நகர்ந்தாலும் படம் வராது என்று விளக்கினான். "யாரும் தொட்டுடாம பாத்துக்குங்க அக்கா. ஒங்ககிட்டதான் சொல்லிட்டுப் போறேன்" என்றான். தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கலாம். அவரோ பினாங்கிலிருந்து ஆட்கள் வருகிற நாளில் எந்தச் சட்டை போடுவது என்கிற கவலையில் இருந்தார்.

குவாலியைப் பரீட்சித்துப் பார்க்கிற நாளுக்கு முந்தின நாள் ஆயுத பூசை. பள்ளித் தோட்டக்காரர் முருகையா வருடா வருடம் அந்தப் பூசையை நடத்துவார். மண்வெட்டி, புல்லரிவாள், பள்ளி மணி, ஆபீசில் கேள்வித்தாள் அச்சடிக்கிற இயந்திரம், எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். அந்த வருடம் குவாலியும் சேர்ந்துகொண்டது. வந்திருப்பதிலேயே பெரிய ஆயுதம் அதுதானே, அதை விட்டுவிட்டு மண்வெட்டிக்கு மட்டும் செய்தால் நியாயமா? வாழைக்கன்று கட்டி, மாலை போட்டார். பிறகு ஏணி வைத்து ஏறி, திருஷ்டிக்கு ஒரு கனத்த சாம்பல் பூசணிக்காயைக் கயிற்றில் கட்டி அந்த மூக்கிலேயே தொங்கவிட்டார்.

ஜெனவீவ் கையில் சுண்டல் பொட்டலத்தோடு ஓரமாக நின்று இதைப் பார்த்தாள். ரமணி சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்வதும் சுலபமில்லை. சில்வெஸ்டர் அடிபட்டு வந்த வருடம், மாரியம்மன் திருவிழாவில் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். வேதக்காரிக்கு நம்ம சாமி சத்தம் காதைக் குடைகிறதாம் என்று தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சாகிவிட்டது. எத்தனையோ நாள் அவள் வீட்டு வாசலில் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. முருகையா மட்டும் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாமல் வந்தார். அன்று தொடங்கி, அவள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் சில்வெஸ்டரைப் புரட்டிப் படுக்க வைப்பது அவர்தான். ஆனாலும் அவர்கள் சாமி விஷயத்தில் இனி வாயே திறப்பதில்லை என்று ஜெனவீவ் முடிவு கட்டியிருந்தாள். பூசை முடிந்ததும் முருகையா காயை இறக்கி வாசலில் உடைத்தார். இறக்கியாகிவிட்டதே, இனி என்ன என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் பினாங்கிலிருந்து பேராசிரியரும் அலோர் ஸ்டாரிலிருந்து கல்வி அதிகாரியும் வந்து இறங்கினார்கள். துணைக்கோளத்தை வாடகைக்கு எடுத்திருந்தது ஒரு மணி நேரம்தான். தொலைக்காட்சியை முடுக்கினால் வெறும் புள்ளிகள், இரைச்சல். ரமணி பெட்டியைத் தட்டினான், ஒயரைப் பிடுங்கிச் செருகினான், கடைசியில் திடலுக்கு ஓடினான். எல்லாரும் பின்னாலேயே போனார்கள். மூக்கில் பளிச்சென்று சந்தனமும் குங்குமமும். கம்பி ஒன்று வளைந்து, டப்பா சாய்ந்து நின்றது. இதில் யாராவது கைவைத்தார்களா என்று ரமணி கேட்டபோது அவன் கண் ஜெனவீவிடம்தான் வந்தது. அவள் தரையைப் பார்த்தாள்.

முருகையா முன்னால் வந்தார். அவர் முகத்தில் பயமே இல்லை.

"நான்தான் தம்பி. ஆயுத பூசைக்கு எல்லாத்துக்கும் செய்றதுதானே. காயி கட்டி, திருஷ்டி கழிச்சேன். இத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

அதிகாரி இதைப் பேராசிரியருக்கு மொழிபெயர்த்தார். மொழிபெயர்க்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேராசிரியர் வயிறு குலுங்கச் சிரித்தார். தலைமையாசிரியர் சிரித்தார். ஜெனவீவும் சிரித்தாள். சிரிப்பு வந்து சிரிக்கவில்லை. நான் படித்தவள், உங்கள் பக்கம் நிற்கிறவள் என்று அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஓர் அவசரம். முருகையா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் முகத்துக்கு வந்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டு, ஏணியைப் பிடிக்கப் போய்விட்டார். சிரிக்காதவன் ரமணி ஒருவன்தான்.

கம்பியை நிமிர்த்தி, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒருவழியாகப் படம் வந்தது. கரும்பலகை முன்னால் ஒரு விரிவுரையாளர் தெரிந்தார். பாலிங்கில் இருப்பவர்கள் கேள்வி கேட்கலாம் என்றார். ஆபீஸ் தொலைபேசியை எடுக்க ஜெனவீவ் ஓடினாள். எண்ணைச் சுழற்றி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்து, திரை மறுபடி புள்ளிகளாகிவிட்டது.

அடுத்த வாரம் ரமணி குவாலியைக் கழற்ற வந்தான். ஜெனவீவுக்குக் கேட்காமலேயே தெரிந்துவிட்டது, இருந்தும் கேட்டாள். அவன் திருகாணியைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னான்.

"கூட்டத்துல பேசிட்டாங்க அக்கா. அங்க உள்ளவங்க இன்னும் இதுக்கெல்லாம் தயாரா இல்லையாம். அலோர் ஸ்டார்லயே வச்சுக்கலாம்னு முடிவு."

"அங்க உள்ளவங்கன்னா யாரு?"

"அதெல்லாம் பிரிச்சுச் சொல்லலக்கா. எல்லாரையும்தான்."

எல்லாரையும் என்றால் அவளையும்தான். அன்றைக்கு அவர்களோடு சேர்ந்து சிரித்ததை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. தான் சிரித்த சிரிப்பு இன்னும் பெரிய அவமானமாக இருந்தது. பட்டம் போயிற்று, சுங்கைப்பட்டாணியும் போயிற்று. வகுப்பை ஒரு மாணவியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் முருகையா இருந்தார். வழக்கமான நேரம்தான். சில்வெஸ்டரைச் சுவர்ப்பக்கம் புரட்டிவிட்டு, முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒன்னு கேக்கணும். மனசு கேக்க மாட்டேங்குது. அன்னைக்குப் பூசையில ஒங்க பேரச் சொல்லித்தான் சூடம் காட்டுனேன். டீச்சர் படிப்பு நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டேன். வேதக்காரங்க பேரச் சொன்னது சாமிக்குப் புடிக்கலையோ? அதான் இப்படி ஆயிப்போச்சா?"

ஜெனவீவ் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்றோ, யாருக்குத் தெரியும் என்றோ சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவளால் முடியவில்லை.

"இல்லண்ணே. அந்த மூக்க யாரும் தொடக் கூடாதுன்னு ரமணி என்கிட்ட சொல்லிட்டுப் போயிருந்தாரு. நீங்க காயக் கட்டுனப்ப நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். சொல்லல."

முருகையாவின் கை சில்வெஸ்டரின் முதுகிலேயே நின்றுவிட்டது.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா எறக்கியிருப்பேனே டீச்சர்."

"சாமி விஷயம்... நீங்க ஏதாச்சும் நெனச்சுக்குவீங்களோன்னு..."

"நானா?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளைக் கொன்றது. "இத்தன வருசமா இந்த வீட்டுக்குள்ள வந்துட்டுப் போறேன். என்னையும் அந்த லயத்து ஆளுங்களோடதான் சேத்து வச்சிருந்தீங்களா?"

சுவர்ப்பக்கம் முகம் திரும்பிக் கிடந்த சில்வெஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். முருகையா பவுடரைத் தேய்த்து முடித்து, போர்வையை இழுத்துவிட்டு, போய்வருகிறேன் என்று சில்வெஸ்டரிடம் மட்டும் சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமலே வெளியே போனார்.